பள்ளிக்கு வந்த கம்பெனி

அன்றுதான் நல்லூர்ப் பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்திருந்த ஜனனிக்கு, தலைமை ஆசிரியர் சதீஷ்குமாரின் போக்கு பிடிபடவில்லை. பழைய மாணவர் திருமூர்த்தி, தன் பனியன் கம்பெனியையே பள்ளிக்கு உயில் எழுதி வைக்கிறேன் என்று வந்திருக்கிறார். இவரோ வேண்டாம் என்று மன்றாடுகிறார்.

“கம்பெனி இருக்கற இடத்தை மட்டும் எழுதுங்க, போதுமுங்க.”

“அதெப்படீங்க சார்? எனக்கப்புறமும் கம்பெனி ஓடோணும். அந்த லாபத்துல இங்க புள்ளைங்க படிக்கோணும். ஒரே கண்டிசன், ஹெச்.எம்.தான் கம்பெனியைப் பாத்துக்கோணும்.”

“எனக்குப் பனியன் யாவாரமே ஆகாதுங்க!”

ஜனனியால் சும்மா இருக்க முடியவில்லை.

“ஐயா, உங்களுக்குப் பசங்க இல்லீங்களா?”

“ஒரே பையன் கண்ணு. கம்பெனிக்கு வாடான்னு எத்தனையோ வருசம் கூப்பிட்டுப் பாத்தேன். சாக்பீஸ்தான் பிடிப்பேன்னு ஓடிட்டான்.”

“அப்புறமுங்க?”

“அப்புறமென்ன, அவன் ஓடுன எடத்துக்கே கம்பெனியை அனுப்பறேன்.”

சதீஷ்குமார் தலையில் கை வைத்துக்கொண்டார்.

திருமூர்த்தி எழுந்து அவரைப் பார்த்துக் கும்பிட்டார்.

“வரட்டுங்களா, ஹெச்.எம். சார்? சாயங்காலம் நேரத்தோட ஊட்டுக்கு வந்துருடா. உங்கம்மா சந்தோசத்துல தேங்கா ஒப்பிட்டு சுட்டுட்டு இருக்கறா.”