சிவப்பு முத்திரை

திரைக்கு அந்தப் பக்கம் இருந்த கிழவர் என் துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பார்க்கட்டும். எனக்கென்ன பயம்?

நாங்கள் வீடியோ கேம்களுக்கு ஆயுதம் செய்து கொடுப்பவர்கள். எல்லாம் கணினிக்குள் மட்டும் சுடுகிற ஆயுதம். மட்டாஞ்சேரியில் ஒரு சுக்கு மண்டிக்கு மேல்மாடியில் ஆபீஸ்.

கிழவர் இருப்பது லண்டனில். குற்றம் கண்டுபிடிக்கவே கேம் கம்பெனி அவருக்குச் சம்பளம் கொடுக்கிறது. ஒரு திருகாணி இடம் மாறியிருந்தாலும் ஆளை மாற்றச் சொல்லிவிடுவார். எங்களுக்கு முன்னால் வந்தவர்களை அப்படித்தான் அனுப்பி வைத்தார்.

இன்று அவர் தலையசைத்தால் அந்தக் கம்பெனியின் புதுப் போர் விளையாட்டின் ஆயுதம் மொத்தமும் எங்களுக்கு. இல்லையென்றால் மாடியைச் சுக்குக்காரரிடமே ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

இது லேசுப்பட்ட துப்பாக்கி இல்லை. இரண்டாம் உலகப்போரில் சோதனைக்கென்று மூன்றே மூன்று செய்து, சரிவராமல் கைவிட்டார்கள். மிஞ்சியது ஒன்று. அதையும் ஏதோ மியூசியத்தில் பூட்டி வைத்திருக்கிறார்கள். மற்ற கேம்களில் ஆளாளுக்கு அதை மனம்போன போக்கில் செய்து வைத்திருப்பதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்தச் சுபாஷிணி ஆதாரம் இல்லாமல் ஓர் ஆணி அடிக்க மாட்டாள். அது எல்லோருக்கும் தெரியும். பழைய வரைபடத்தை வைத்து, மரத்திலும் இரும்பிலும் முழு அளவில் ஒரு மாதிரி செய்ய வைத்தேன். விஜயதசமி காலையில், பூஜையில் வைத்ததை எடுத்த கையோடு, அதைச் சுற்றிச் சுற்றிப் படம்பிடித்துக் கணினியில் ஏற்றினோம். நல்ல நாளில் தொடங்கிய வேலை.

கிழவர் குழலைப் பார்த்தார். விசையைப் பார்த்தார். தோட்டா விழும் பக்கத்தைப் பார்த்தார். ஒரு குற்றமும் சொல்லவில்லை. சொல்ல இடம் கொடுத்தால்தானே?

பிறகு துப்பாக்கியைக் கவிழ்த்தார். தோளில் அணைத்துப் பிடிக்கிற மரக்கட்டையின் அடிப்பக்கத்தைப் பெரிதாக்கினார்.

அங்கே சிவப்பாக, வட்டமாக ஒரு கறை.

"சேச்சி, அதென்னது?" பக்கத்தில் உட்கார்ந்திருந்த வெங்கிட்டு என் காதில் கேட்டான். "அது நம்ம போட்டதில்லையாக்கும்!"

அவசரமாக வரைபடங்களைப் புரட்டினேன். எந்த வரைபடத்திலும் அது கிடையாது. இத்தனை மாதமும் எல்லோரும் இரும்பையே பார்த்துக்கொண்டிருந்தோம். மரத்தை யார் பார்த்தது?

கிழவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார்.

சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

ஆய்வாளர் முத்திரை என்றார். ஆய்வில் தேறிய துப்பாக்கிக்கு மட்டும் அந்தத் தொழிற்சாலையில் சிவப்பு வைப்பார்கள் என்று அவர் ரொம்ப நாளாகச் சொல்லி வருகிறாராம். ஒருத்தரும் நம்பவில்லையாம். மியூசியத்தில் இருப்பதில் அது அழிந்து போயிருக்க வேண்டுமாம். திருத்திக்கொள்ளச் சொல்லி மற்ற கேம் கம்பெனிகளுக்கும் எழுதப் போகிறாராம்.

வேலை எங்களுக்குத்தான் என்றார். முத்திரைக்கான ஆதாரத்தை மட்டும் மறக்காமல் அனுப்பி வைக்கச் சொன்னார். திரை அணைந்தது.

வெங்கிட்டு போட்ட கூச்சலில் கீழே மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். எல்லோருக்கும் சாயா சொல்ல ஓடினான்.

நான் மூலையில் சாத்தியிருந்த மாதிரித் துப்பாக்கியை எடுத்துக் கவிழ்த்தேன். கட்டையில் சந்தன வாசனை இன்னும் போகவில்லை. பூஜையில் வைத்த கம்ப்யூட்டருக்கும் கேமராவுக்கும் இதற்கும் பொட்டு வைத்தது நான்தான். துடைத்ததும் நான்தான்.

மோதிர விரலை அந்தச் சிவப்பின் மேல் வைத்துப் பார்த்தேன்.

அச்சாகப் பொருந்தியது.