சுறாவின் சகுனம்

படகு பாதி மணலிலும் பாதி தண்ணீரிலுமாக நின்றது. நாங்கள் மூன்று பேரும் கடலைப் பார்க்கவில்லை. என் வீட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றோம்.

வீட்டுக்குள் சுறா தனியாக இருந்தது.

பெயர்தான் சுறா. இடி இடித்தால் அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் நாய். அப்பா வளர்த்தது. போன ஐப்பசியில் அப்பாவை ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போனதை வாசலில் நின்று பார்த்தது. அப்பா உயிரோடு திரும்பவில்லை.

அதன் பிறகு வீட்டில் யார் செருப்பை மாட்டினாலும் அதற்கு நடுக்கம் எடுத்துவிடும். தனியே விட்டால் ஊளையிடும். அந்த ஊளை மணல்மேட்டைத் தாண்டித் துறை வரைக்கும் கேட்கும்.

படகு எடுக்கிற நேரத்தில் நாய் ஊளையிட்டால், அதன் கண்ணுக்கு எமன் தெரிந்துவிட்டான் என்று அர்த்தம். எங்கள் ஊரில் இதற்கு அப்பீல் கிடையாது.

படகில் பாதி எங்கள் வீட்டுடையது. அப்பாவின் இடத்தில் இனி நான் ஏறப் போகிறேன் என்று காரியம் முடிந்த கையோடு சொல்லிவிட்டேன். மற்றப் பாதிக்குச் சொந்தக்காரர் பஞ்சநாதன் மாமா. அவர் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. நான் துறைக்கு வந்தேன், சுறா ஊளையிட்டது, மாமா தன் காதைத் தொட்டுக் காட்டினார். சகுனம் எனக்கு மட்டும்தான்போல, என்னை விட்டுவிட்டுப் படகு போய்விட்டது.

வந்த நாளெல்லாம் இதே கதை. நாயை எங்காவது கொண்டுபோய் விட்டுவிடச் சொல்லி, படகில் என்ஜின் ஓட்டும் ஜெயபால் அண்ணன் ஒருநாள் யோசனை சொன்னார். அப்பாவும் போய், அவர் நாயையும் துரத்துவதா? வந்த கோபத்தில் அன்று முழுக்க நான் அவரோடு பேசவில்லை.

பொறையாறு மாட்டாஸ்பத்திரி டாக்டர்தான் வழி சொன்னார். அது எமனைப் பார்க்கவில்லை, உங்களைத் தேடுகிறது என்றார். கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்து பழக்க வேண்டும், அழத் தொடங்கும் முன்னால் திரும்பிவிட வேண்டும், போகும்போதும் வரும்போதும் கொஞ்சக் கூடாது.

தூக்குவாளியை எடுத்தாலே நான் கிளம்புவது சுறாவுக்குத் தெரிந்துவிடும். அதனால் எங்கேயும் போகாமல், தூக்குவாளியும் கையுமாக வீட்டுக்குள்ளேயே சுற்றினேன். அம்மா பயந்துபோய் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் வாசற்படி வரை போய் வந்தேன். அப்புறம் குழாயடி வரை. கிழிந்த வலைத்துண்டில் கருவாட்டைச் செருகி முடிச்சுப் போட்டுக் கொடுத்தேன். அதை அவிழ்த்துத் தின்பதற்குள் தெருமுனைக்கே போய்த் திரும்பிவிடலாம்.

நாய் வாலை நிமிர்த்தப் பார்க்கிறாயா என்று துறையே சிரித்தது. வாலை யார் தொட்டார்கள்? எனக்கு வாய் மூடினால் போதும்.

இன்று அம்மா மீன்கூடையோடு முதல் பஸ்ஸில் மாயவரம் போய்விட்டாள். நான் அப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு, வலைமுடிச்சைச் சுறாவின் முன்னால் வைத்தேன். ஒன்றும் சொல்லாமல் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

துறையில் பஞ்சநாதன் மாமா கடைசி வார்த்தையாகச் சொன்னார்.

"இன்னைக்கும் சத்தம் வந்துச்சுன்னா, இனிமே இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது."

ஒப்புக்கொண்டேன். வேறு வழியில்லை.

ஜெயபால் அண்ணன் என்ஜினை ஓடவிட்டு நிறுத்தினார். சுறாவுக்கு ஆகவே ஆகாத சத்தம் அது.

வீட்டிலிருந்து ஒரு முனகல் கேட்டது.

ஜெயபால் அண்ணன் மாமாவைப் பார்த்தார்.

முனகல் நின்றுவிட்டது.

காத்திருந்தோம். கிழக்கு வெளுத்து, கரையோரத்துப் பழைய கோட்டைச் சுவர் கண்ணுக்குத் தெரிந்தது. மற்றப் படகுகள் எல்லாம் போய்விட்டன. மாமா பீடியை இழுத்து முடித்தார். இன்னொன்றைப் பற்றவைத்து, அதையும் நிதானமாக முடித்தார்.

வீட்டில் ஒரு சத்தமும் இல்லை.

மீன் ஏலக்கூடத்துப் பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மாமா வானத்தைப் பார்த்தார். மேகம் இல்லை. படகில் கட்டிய கொடியைப் பார்த்தார். காற்றும் சரியாகத்தான் இருந்தது. என் முகத்துக்கு நேராகச் சொல்லக் கூச்சப்பட்டதை இத்தனை மாதமும் அவருக்காகச் சுறா சொல்லிக்கொண்டிருந்தது. இன்றோடு அது அந்த வேலையை விட்டுவிட்டது.

"சரி... ஏறு, சுவேதா," என்றார்.

எங்கள் துறையில் படகு வாங்கத் தாலிக்கொடியைக் கழற்றிக் கொடுத்த பெண்கள் உண்டு. வலையின் கிழிசலைத் தைத்தவர்கள், மீன் சுமந்தே கழுத்து ஒடிந்தவர்கள் உண்டு. படகில் ஏறச் சொல்லி அவர்களில் ஒருத்தியைக்கூட யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை.

ஏலக்கூடத்திலிருந்து ஒரு குலவை கிளம்பியது. பிறகு இன்னொன்று. அதற்கும் சுறா வாயைத் திறக்கவில்லை.

சந்தோஷத்தில் எனக்கே ஊளையிட வேண்டும்போல இருந்தது. அடக்கிக்கொண்டு, ஜெயபால் அண்ணன் நீட்டிய கையைப் பிடிக்காமல், நானே தாவி ஏறினேன்.