தீவனப்படி

இன்ஸ்பெக்டர் மயிலையின் விலாவில் கைவைத்தபோது சிவனம்மாளுக்கு நிம்மதியாக இருந்தது.

எலும்பு தெரிந்தது. ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம் போலத் தெரிந்தது.

அப்படித் தெரியப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது.

மயிலை அவர்களுடைய ஒரே காளை. நாகல் நகரில் நான்கு தெருக் குப்பையை அள்ளி, ஊருக்கு வெளியே கொட்டிவர அவள் புருஷன் சடையாண்டி நகராட்சியில் ஒப்பந்தம் எடுத்திருந்தான். அவன் வண்டி ஓட்டுவான். அவள் கூடையில் அள்ளிக் கொட்டுவாள். வண்டிக்கு மாதம் இவ்வளவு என்று அறுபத்திரண்டாம் வருஷம் பேசிய தொகை.

இப்போது அறுபத்தைந்து. வைக்கோல் இரண்டு மடங்காகிவிட்டது. பருத்திக்கொட்டை விலையைக் கேட்கவே வேண்டாம். தொகை மட்டும் பேசிய இடத்திலேயே நின்றது.

பஜார்ப் பக்கம் குப்பை எடுக்கும் லாரிக்காரருக்கு, டீசல் விலை ஏறினால் கூட்டிக் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் சடையாண்டி பொங்கிவிட்டான்.

"லாரி குடிச்சா காசு. எம் மாடு என்ன, காத்தையா குடிக்குது?"

அதையே கொஞ்சம் மரியாதையாக ஒருவரிடம் எழுதி வாங்கி, மனுவாகப் போட்டான். தீவனத்துக்கென்று தனியாக ஒரு படித்தொகை வேண்டும். கிடைக்காவிட்டால் மாட்டை விற்பதைத் தவிர வழியில்லை. அதை மட்டும் இரண்டு பேரும் வாய்விட்டுப் பேசிக்கொள்ளவில்லை.

பதிலுக்கு ஒரு சீட்டு வந்தது. இருபதாம் தேதி காலை சானிட்டரி இன்ஸ்பெக்டர் மாட்டைப் பார்வையிட வருவார்.

பக்கத்துத் தெருக்களில் குப்பை வண்டி ஓட்டும் மொக்கைச்சாமி சீட்டைப் பார்த்தான். மயிலையைப் பார்த்தான். விழுந்து விழுந்து சிரித்தான்.

"ஏலே சடையா, இது புது மாப்பிள்ள மாதிரி மினுமினுன்னு நிக்குது. இதக் காட்டியா தீவன வெல ஏறிப்போச்சுன்னு அழப்போற?"

சடையாண்டிக்கு அது சரியென்று பட்டது. அவனை மட்டும் சொல்லக்கூடாது. சிவனம்மாளுக்கும் சரியென்றுதான் பட்டது.

அன்று சாயங்காலமே பருத்திக்கொட்டை மூட்டையின் வாயைக் கட்டினார்கள். மறுநாள் புண்ணாக்கை நிறுத்தினார்கள். வைக்கோலைப் பாதியாக்கினார்கள். குப்பையைக் குறைக்க முடியுமா? பூட்டுப் பட்டறைகளின் இரும்புத் தூளும் புகையிலைக் கழிவும் எப்போதும் போல வண்டியை நிறைத்தன. மயிலை எப்போதும் போல இழுத்தது.

ஒன்பதாம் நாள், வழக்கமாக மயிலைக்குக் கழனித்தண்ணி ஊற்றும் லூர்தம்மாள் தன் வாசலில் வாளியோடு நின்றாள்.

"ஏன் ஆத்தா, இப்பிடி வத்திப்போச்சு? சீக்கா?"

"ஆமாக்கா. வைத்தியரு எதுவும் வைக்கக் கூடாதுன்னுட்டாரு."

வாளி உள்ளே போனது. சிவனம்மாள் அன்று முழுவதும் மாட்டின் பின்பக்கமாகவே நடந்தாள். சடையாண்டி முகத்தைப் பார்க்காமல் பூட்டினான், பார்க்காமல் அவிழ்த்தான்.

விலாவிலிருந்து கையை எடுத்த இன்ஸ்பெக்டர் திமிலை அழுத்திப் பார்த்தார். இமையை விலக்கிப் பார்த்தார்.

"தீவனம் வாங்கிப் போட முடியலய்யா. எப்பிடி இருந்த மாடு!" சடையாண்டியின் குரல் உடைந்தது. அதில் நடிப்பு இல்லை.

"பூட்டு" என்றார்.

வண்டியில் முந்தின நாள் குப்பை பாதி கிடந்தது. மயிலை தானாகவே வந்து நுகத்தடிக்குக் கழுத்தைக் கொடுத்தது. நான்கு அடி வைத்தது. ஐந்தாவது அடியில் முன்னங்கால்கள் மடங்கின.

சிவனம்மாள் இன்ஸ்பெக்டரின் முகத்தைப் பார்த்தாள். இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

அவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். மூடியைத் திருகினார். எழுதாமல் மறுபடி மூடினார்.

"தீவனப்படி போன கூட்டத்துலயே பாஸாயிருச்சுப்பா. மாடு திடமா இருக்குன்னு கையெழுத்துப் போட்டுட்டுப் போகத்தான் வந்தேன்."

மடங்கிக் கிடந்த மயிலையை அவர் மறுபடி பார்த்தார்.

"இத எப்பிடித் திடம்னு எழுதுவேன்?"

கோபமாகக் கேட்டிருந்தால் தேவலை. அவர் வருத்தமாகக் கேட்டார். ஒன்றாம் தேதியிலிருந்து இந்த நான்கு தெருவையும் லாரிக்குச் சேர்க்க வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

சடையாண்டி அசையவில்லை. சிவனம்மாள்தான் நுகத்தடியை விலக்கினாள். திமிலுக்குக் கீழே தோள் கொடுத்து மயிலையை எழுப்பி நிறுத்தினாள். பிறகு வீட்டுக்குள் ஓடினாள்.

பருத்திக்கொட்டை மூட்டையில் பாதிக்கு மேல் இருந்தது. ஊறவைக்க வேண்டும், ஆட்ட வேண்டும் என்பதெல்லாம் அவளுக்குத் தோன்றவில்லை. முறம் நிறைய அள்ளிக்கொண்டு வந்தாள்.

"தின்னு அப்பு. இந்தா, தின்னு."

மயிலை முகர்ந்தது. காதுகள் இரண்டும் முன்னால் வந்தன. வாயோரத்தில் எச்சில் நூலாக இறங்கியது.

ஆனால் வாயை நீட்டவில்லை. ஓர் அடி பின்னால் வைத்தது. முறத்தைப் பார்க்கவில்லை, முறத்தைப் பிடித்திருந்த அவளுடைய வலது கையையே பார்த்துக்கொண்டு நின்றது.

பன்னிரண்டு நாளும், மூட்டை இருந்த பக்கம் அது மூக்கை நீட்டியபோதெல்லாம், அந்தக் கையால்தான் அவள் அடித்திருந்தாள்.