கரடியின் கண்

காட்டில் நடந்த மல்யுத்தப் போட்டியின் முதல் சுற்றிலேயே கரடி கீரியிடம் தோற்றது. தினமும் முயலோடு பயிற்சி செய்து ஒருமுறைகூட விழாத கரடி அது.

கூட்டம் கலைந்ததும் கரடி கீரியிடம் போய், "எப்படி என்னைச் சாய்த்தாய்?" என்று கேட்டது.

"பாயும்போது கண்ணை மூடிக்கொள்கிறீர்கள், அண்ணே. அந்த நேரத்தில் நான் நகர்ந்துவிட்டேன்."

கரடி நம்பாமல் பக்கத்தில் நின்ற முயலைப் பார்த்தது. முயல் காதுகளைத் தொங்கப்போட்டது.

"தெரியும். சொன்னால் வருத்தப்படுவாய் என்று விட்டுவிட்டேன்."

கரடி வீங்கிய மூக்கைத் தடவிக்கொண்டது. பிறகு கீரியிடம், "நாளை முதல் என்னோடு பயிற்சிக்கு வருகிறாயா?" என்றது.

"தூக்கித் தூக்கிப் போடுவேன், அண்ணே."

"போடு," என்ற கரடி முயலின் பக்கம் திரும்பியது. "நீயும் வா. என் கண்ணையே பார்த்துக்கொண்டிரு."