ஏணி எந்தப் பக்கம்?

“பொண்ணுக்குப் பதினாலு வயசு. ரூம் தீப்பெட்டி சைஸ். கீழ படிக்கிற மேசை, மேல கட்டில்னு இருக்குமே, அது வேணும்” என்றார் அம்மா.

“ஏணி எந்தப் பக்கம் வரணும் மேடம்?” என்றார் கடைக்காரர்.

“இடது பக்கம்.”

“இடது பக்கம் வெச்சா ஜன்னலைத் திறக்க முடியாதே! வலது பக்கம் குடுங்க” என்றார் அப்பா.

“வலது பக்கம் அலமாரி இருக்கு.”

“அலமாரியா? அது எப்போ வந்துச்சு?”

பெற்ற பெண்ணின் அறையில் என்ன இருக்கிறது என்றுகூடத் தெரியாத மனுஷன் என்று கடைக்காரர் மனசுக்குள் தலையில் அடித்துக்கொண்டார்.

“கால்மாட்டுல ஏணி வெச்ச கட்டில் ஒண்ணு இருக்கு. எதுவும் இடிக்காது. பாருங்க.”

பார்த்ததும் இருவர் முகமும் மலர்ந்தது.

“எந்த அட்ரஸுக்கு அனுப்பட்டும்?”

இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். வேறு வேறு தெரு. கடைக்காரர் விழித்தார்.

“ரெண்டு கட்டில் குடுங்க சார்” என்றார் அப்பா. “ஒரு வாரம் அவங்க வீட்டுல இருப்பா, ஒரு வாரம் என் வீட்டுல.”

“எந்த வீட்டுல முழிச்சாலும் ஒரே பக்கமா இறங்கணுமாம்” என்றார் அம்மா. “எங்க ரெண்டு பேர்கிட்டயும் அவ கேட்டது அது ஒண்ணுதான்.”