அட்டையில் இருப்பவள்

"பேரை மட்டும் மாத்திச் சொல்லித் தொலைச்சிடாதே" என்றான் அண்ணன், ஸ்கூட்டரை நிறுத்தி.

"வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இரேன். நானே பயத்துல இருக்கேன்."

"நீயா? பயமா?"

"இது கடைசித் தடவை அண்ணா. இது மட்டும் நல்லபடியா முடிஞ்சா, அப்புறம் இந்தப் பொழப்பே வேண்டாம்."

தேர்வு மையம் மூன்றாவது மாடியில் இருந்தது. அங்கே யாருக்கும் அவள் முகம் தெரியாது. அதை நன்றாக விசாரித்துக்கொண்டுதான் வந்திருந்தாள். படியேறும்போதே பெயர், பிறந்த தேதி, அப்பா பெயர் மூன்றையும் மனசுக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள்.

விஷயம் சின்னதில்லை. மொழிபெயர்ப்பு முதுகலைப் படிப்பு, மொத்தமே பன்னிரண்டு இடம். ஆங்கிலத் தேர்ச்சிச் சான்றிதழ் இந்த மாதத்துக்குள் போய்ச் சேராவிட்டால் விண்ணப்பம் நேரே குப்பைக்கூடைக்கு. அடையாள அட்டையில் இருந்தவள் மூன்று வருஷமாக ஏங்கிக்கொண்டிருந்த இடம் அது.

வாசல் மேஜையில் கண்காணிப்பாளர் உட்கார்ந்திருந்தார். ஆள் கொஞ்சம் பருமன், மூக்குக் கண்ணாடி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற ரகம். அடையாள அட்டையை வாங்கிப் படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார்.

"இதுல முடி இடுப்பு வரைக்கும் இருக்கே?"

"பழைய படம் சார். வெட்டிட்டேன்."

"ம்ம்... கையெழுத்துப் போடுங்கம்மா."

பேனாவை எடுத்தாள். முதல் எழுத்தே தப்பு! சட்டென்று அடித்துவிட்டுப் பக்கத்தில் சரியாகப் போட்டாள். அவர் பதிவேட்டில் பென்சிலால் சின்னதாக ஒரு புள்ளி வைத்தார்.

எழுத்துத் தேர்வு அல்வா சாப்பிடுகிற மாதிரி முடிந்தது. ஒன்றரை மணி நேரத் தாளை ஐம்பது நிமிஷத்தில் முடித்துவிட்டு, மின்விசிறியை வேடிக்கை பார்த்தாள். அடுத்தது பேச்சுத் தேர்வு. சின்ன மையம் என்பதால் அதற்கும் கேள்வி கேட்பவர் அதே கண்ணாடிக்காரர்தான்.

புவி வெப்பமாவது பற்றிக் கேட்டார். கொட்டித் தீர்த்தாள். நகரப் போக்குவரத்து பற்றிக் கேட்டார். அதற்கும் ஆங்கிலம் அருவியாகக் கொட்டியது. அவரே வாயைப் பிளந்துவிட்டார்.

"சரி, உங்கள் குடும்பத்தைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றார் ஆங்கிலத்தில்.

போச்சு! அருவி அப்படியே நின்றுபோனது.

"எனக்கு இரண்டு தம்பிகள்... இல்லை, மன்னிக்கவும், ஒரே ஒரு அண்ணன். அப்பா வங்கியில்... இல்லை, அப்பா மருந்துக்கடை..."

"சின்ன வயதில் என்னவாக வேண்டும் என்று ஆசைப்பட்டீர்கள்?"

"பல் மருத்துவராக" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவர் ஒலிப்பதிவை நிறுத்தினார், எழுந்து கதவைச் சாத்தினார், தமிழுக்கு வந்தார். மரியாதையும் அதோடு காற்றில் போயிற்று.

"யாருக்காக வந்திருக்கே?"

"சார்! சத்தியமா நான்தான் சார் அது."

"யார்கிட்ட காது குத்தறே? இங்கிலீஷ் இந்தப் போடு போடறே, கூடப் பிறந்தவங்க எத்தனை பேருன்னு சொல்லத் தெரியலை. கையெழுத்தும் தகராறு. பதினாறு வருஷமா இந்த நாற்காலியில உட்கார்ந்திருக்கேன்மா!"

"பதட்டம் சார்..."

"சரி. எல்லா மையத்துலயும் எடுத்த முகமும் குரலும் தலைமை ஆபீஸ்ல இருக்கு. உன்னுதை அனுப்பறேன். இந்த முகம் வேற பேர்ல எங்கேயாவது வந்திருக்கான்னு பார்த்துச் சொல்லுவாங்க. வரலைன்னா நானே மன்னிப்புக் கேட்டுச் சான்றிதழைக் கையில தர்றேன். மடியில கனமில்லைன்னா சரின்னு சொல்லேன்?"

அவள் முழி பிதுங்கியது. கண்ணில் தண்ணீர் முட்டியது. பன்னிரண்டு இடமும் வரிசையாகக் கண் முன்னால் வந்து போயின.

"அனுப்ப வேண்டாம் சார்" என்றாள் மெதுவாக. "நான் அவ இல்லை."

கண்காணிப்பாளர் முகத்தில் ஆயிரம் வாட்ஸ் பல்பு எரிந்தது.

"அப்படி வா வழிக்கு! போலீசுக்குப் போனா எனக்கும்தான் அலைச்சல். எழுதிக் கொடுத்துட்டுப் போ. 'நான் அட்டையில் இருப்பவள் அல்ல, அவருக்காகத் தேர்வெழுத வந்தவள்.' கீழே உன் சொந்தப் பேரை எழுதிக் கையெழுத்துப் போடு."

எழுதினாள். பலமுறை எழுதிப் பழகிய பெயர்; கையெழுத்து ஒரே இழுப்பில் வந்து விழுந்தது.

"பார்த்தியா! சொந்தக் கையெழுத்துன்னா கை எப்படி வழுக்கிக்கிட்டு ஓடுது!" என்று சிரித்தார். "அட்டையில இருக்கிறவளுக்கு அஞ்சு வருஷம் தடை. மொழிபெயர்ப்புப் படிக்கன்னு பாரத்துல போட்டிருக்கா; ஆள் வச்சு எழுதறவளுக்கு அது ஒரு கேடா? நீ கிளம்பு. இனிமே இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்காதே."

கீழே அண்ணன் ஸ்கூட்டரில் சாய்ந்து நின்றிருந்தான். தங்கை வந்த வேகத்தைப் பார்த்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது. வண்டியைக் கிளப்பினான்.

பதினோரு பேருக்காக, பதினோரு பெயர்களில் தேர்வெழுதி ஒருமுறைகூட மாட்டாதவள், அன்றைக்குத்தான் முதன்முதலாகத் தன் சொந்தப் பெயரில் எழுத வந்திருந்தாள்.