கடைசி பெஞ்ச்சின் சந்தேகம்

“புரியலைங்க டீச்சர்.”

கடைசி பெஞ்ச்சில் ஒரு கை உயர்ந்தது. கட்டம் போட்ட சட்டைக்காரர்.

போர்டில் எழுதிக்கொண்டிருந்த அவள் நிறுத்தினாள். ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி நிலையத்தில் வேலைக்கான டெமோ வகுப்பு அது. பெஞ்ச் முழுக்க டியூட்டி முடிந்து படிக்க வந்தவர்கள். ஓரத்தில் நிர்வாகி, அவர் முன்னால் ஒரு மேஜை மணி. மணியைத் தட்டினால் டெமோ முடிந்தது. நடையைக் கட்ட வேண்டியதுதான்.

அவள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் அவள். இந்த வேலை கிடைத்தால் அப்பா நைட் ஷிப்டை விட்டுவிடலாம்.

மணியைப் பார்க்கப் பயந்து, போர்டைப் பார்த்தே பேசினாள். “அப்ஹில் பேட்டில். அதாவது, மிகக் கடினமான போராட்டம்.”

“அதான் புரியலைங்க. வேற மாதிரி சொல்லுங்களேன்.”

‘இவன் எங்கிருந்து வந்து சேர்ந்தான்!’ மனசுக்குள் பல்லைக் கடித்தாள். மனப்பாடம் செய்ததெல்லாம் தீர்ந்துவிட்டது. வாயில் வந்ததைச் சொன்னாள்.

“சரி சார். எங்க ஓட்டை ஃபிரிட்ஜை நாலாவது மாடிக்குத் தூக்கினோம். முன்னால மாமா, பின்னால அப்பா. அது அப்ஹில் பேட்டிலா?”

“பின்னே இல்லையா?” என்றார் ஒரு நர்ஸம்மா.

“இல்லைக்கா. அது வெறும் முதுகுவலி.”

வகுப்பு சிரித்தது.

“அந்த ஃபிரிட்ஜைத் தூக்கிப் போடலாம்னு எங்கம்மாவைச் சம்மதிக்க வைக்கணும் பாருங்க, அதுதான் அப்ஹில் பேட்டில்! மலையும் வேண்டாம், மாடியும் வேண்டாம். ஆரம்பத்துலேர்ந்தே எல்லாம் நமக்கு எதிரா இருக்கும். ஆனாலும் விடாம முட்டணும்.”

“அப்ப, எங்க வீட்டுக்காரரைத் துணி மடிக்க வைக்கறது?”

“அப்ஹில் பேட்டில்!”

“என் மேனேஜர்கிட்ட லீவு கேக்கறது?” இது செக்யூரிட்டி.

“சந்தேகமே வேண்டாம்!”

நிர்வாகியே வாய்விட்டுச் சிரித்துவிட்டார். “நல்லா இருந்தது. ஆனா இருக்கறது ஒரே இடம். இன்னொருத்தரையும் பார்த்துட்டுதான் சொல்ல முடியும். வெளியே உட்காருங்கம்மா.”

வராந்தாவில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார் கட்டம் போட்ட சட்டைக்காரர். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“ஏங்க, அத்தனை பேர் நடுவுல என் மானத்தை வாங்கிட்டீங்களே! நிஜமாவே புரியலையா?”

“முதல் தடவையே புரிஞ்சுதுங்க.”

“அப்புறம் எதுக்குக் குடைஞ்சீங்க?”

“நீங்க போர்டைப் பார்த்துட்டு இருந்தீங்க. அவர் கை மணிக்குப் போயிடுச்சு. யாராவது சந்தேகம் கேட்டா, அது தீர்ற வரைக்கும் தட்ட மாட்டார். இங்க அதான் வழக்கம்.”

அவளுக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. “இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?”

அதற்குள் நிர்வாகியின் குரல் கேட்டது. “அடுத்த டெமோ! போன மாசம் பாதியிலேயே மணி வாங்கினவர், வாங்க!”

அவர் டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“கொஞ்சம் வழி விடுங்க டீச்சர். என்னைத்தான் கூப்பிடறாங்க.”